ஜப்பான் கத்தி விஷயத்தில் சீனித்தாயை நான் மன்னித்தது

நீங்க கத்தி விற்கிறவர். பெட்டி நிறையக் கத்தி வைத்திருக்கிறீங்க. நீங்க போய் என்னிடம் கேட்கிறீங்க, ஜப்பான் கத்தி உசத்தியா, ஜெர்மன் கத்தி உசத்தியா என்று. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொல்லனே வந்து ஊசி எப்படியிருக்கும் என்று கேட்டதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

சரி, கேட்டுவிட்டீங்க. பந்தி முடிந்துவிட்டது, கடைசி ஆள் நீங்கதான். ரசத்தை ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுங்க, சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லுவேன். உள்ளே ஒல்லியாக ஒரு பொம்பளை பாத்திரத்தை ஒதுங்க வைத்துக்கொண்டிருக்கிறாளே, சீனித்தாய், அவளுக்குப் பாம்புக்காது. அவளை நான் ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று இருக்கக் கூடாது. நடந்ததை நடந்தபடிக்குச் சொல்கிறேன். குருவம்மாள் யார் பக்கமும் சாயாமல் பேசுகிறவள் என்று இந்தச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க.

சீனித்தாய் எனக்கு ஓர்ப்படி. என் வீட்டுக்காரரோடு கூடப்பிறந்த தம்பி சுப்பையா, அதோ கல்லாவில் உட்கார்ந்து தூங்கி விழுகிறாரே, அவர் பெண்டாட்டி. என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இந்த மெஸ்ஸுக்கு வயது இருபத்தாறு. இருபத்தாறு வருஷமாக ஒரே அடுப்படி, ரெண்டு பொம்பளை. ஒரு உறையில் ரெண்டு கத்தி இருக்காது என்பார்கள். நாங்க இருந்தோம். எப்படி இருந்தோம் என்றால், நான் பொறுத்துப் போனேன். அதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது.

எனக்குக் கை கனம் தம்பி. பரங்கிக்காயை வைத்து ஒரு போடு போட்டால் ரெண்டு பாதியும் ரெண்டு திசையில் ஓடும். அவளுக்குக் கை மெல்லிசு. பீன்ஸை அவள் அரிந்தால் அத்தனையும் ஒரே அளவாக விழும். பேச்சும் அப்படித்தான். நான் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. அவள் பேசினால் அறுபட்டது அப்போது தெரியாது, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் எரியும்.

அதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் அரிவாள்மணைதான். சண்டையில்லை, சச்சரவில்லை. முதலில் யார் கத்தியைக் கொண்டுவந்தது? அவள் மகன். சோலைராசு. ஜெர்மனியில் ஏதோ ஸ்டுட்டு ஸ்டுட்டு என்று ஒரு ஊரில் கார்க் கம்பெனியில் இருக்கிறான். லீவில் வந்தவன் பெட்டியைத் திறந்து, "அம்மா, இந்தா ஒனக்கு" என்று ஒரு கத்தியை எடுத்துக் கீழே வைத்தான். கையில் கொடுக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல வளர்ப்பு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் இல்லையா? கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நல்ல கத்திதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. கனம் என்றால் கனம், நம்ம வண்டி மாடு மாதிரி. முதுகு தடிமன். கறுப்புப் பிடி, அதில் மூன்று வெள்ளைக் குமிழ். எலும்பைப் போடு, கிழங்கைப் போடு, கழுவாமல் ஒரு நாள் தொட்டியில் போடு, ஏன் என்று கேட்காது. கூர் மழுங்கினால் வாசல்படிக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். சீனித்தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நின்ற நிற்பு இருக்கிறதே! வேல் வாங்கின முருகன் தோற்றான்.

நான் என் மகனிடம் கேட்கவே இல்லை தம்பி. அது சத்தியம். கனகவேல் ஜப்பானில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அவனிடம் நான் என்ன சொன்னேன்? "சித்திக்கு அவ மகன் ஜெர்மன் கத்தி கொண்டாந்திருக்கான்யா. நல்லாயிருக்கு. நமக்கெல்லாம் எதுக்கு? நான் பாட்டுக்கு இந்தப் பழைய அரிவாமணையில வெரலை அறுத்துக்கிட்டுக் கெடக்கேன். நீ ஒடம்பைப் பாத்துக்க." இவ்வளவுதான் சொன்னேன். இதில் கத்தி வேண்டும் என்று எங்காவது வருகிறதா?

இருபதாம் நாள் ஊருக்கு வந்த ஒரு பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டான். மரப்பெட்டி. உள்ளே பட்டுத்துணி. அதற்குள்ளே படுத்திருந்தது. ஜப்பானில் ஏதோ ஒரு மலையோரத்தில் பட்டறை வைத்திருக்கிறவரிடம் ஆர்டர் கொடுத்து, மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதை இவன் கெஞ்சிக் கூத்தாடி முன்னாலேயே வாங்கினானாம். அலகில் என் பேரை ஜப்பான் எழுத்தில் வெட்டியிருக்கிறது. எனக்குத் தமிழிலேயே என் பேரைக் கையெழுத்தாகப் போட மட்டும்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதனால் ஜப்பானில் எழுதியிருந்தால் எனக்கு என்ன குறை? எல்லாம் ஒன்றுதான்.

அந்தக் கத்தியை நீங்க பார்த்திருக்க வேண்டும், புதுசில். வாழை இலை மாதிரி மெல்லிசு. தூக்கினால் கையில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். தக்காளியை அரிந்தால் அரிபட்டது தக்காளிக்கே தெரியாது. நம்ம ஊர் வெள்ளரிக்காயைச் சீவினால் சில்லு வழியாகப் பேப்பர் படிக்கலாம், படிக்கத் தெரிந்தவர்கள். சீனித்தாய் வந்து ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாயிருக்குக்கா. பாத்துப் புழங்குங்க. ரொம்ப மெல்லிசா இருக்கு" என்றாள். பார்த்தீங்களா? நல்லாயிருக்கு என்றதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

அன்றையிலிருந்து ஆரம்பித்தது. அவள் ஆரம்பித்தாள். நான் சும்மா வெங்காயம் அரிவேன், கொஞ்சம் அவள் கண்ணில் படும்படி உட்கார்ந்து அரிவேன், அவ்வளவுதான். வெங்காயப் பச்சடிக்கு நான் சீவின சீவலில் தாலுகா ஆபீஸ் பரமானந்தம், இருபது வருஷமாகச் சாப்பிடுகிறவர், தயிர்க் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏத்தா, இதுல வெங்காயம் எங்க?" என்று கேட்டார். "அதுக்குள்ளதான் அண்ணாச்சி இருக்கு, நாக்குல போட்டாத் தெரியும்" என்றேன். "நாக்குக்கே தெரியலையேத்தா" என்றார். அவ்வளவு மெல்லிசு. பாராட்டிவிட்டுப் போனார்.

சீனித்தாய் அந்தப் பக்கம் ஜெர்மன் கத்தியை வைத்து டொக்கு டொக்கு என்று கொத்தமல்லித் தழையைக் கொத்துவாள். ஆட்டுத் தொடை வெட்டுகிற கத்தியில் கொத்தமல்லி! கறிக்கடையில் பிள்ளைக்கு முடியிறக்கின மாதிரி. நாலாம் நாள் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கை வலிக்குதா?" என்றேன்.

"இல்லக்கா, வளையல் குத்துது."

"வளையல் போடலையே நீ?"

"அதான்க்கா, கழத்தின எடம் குத்துது."

இப்படி ஒரு வீம்புக்காரி. என்னிடம் வந்து, அக்கா, இது எனக்குக் கனமாக இருக்கிறது என்று சொன்னால் என்ன? நானும் எனக்கு இது கை கொள்ளவில்லை, நூலைப் பிடித்து மாடு மேய்ப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருக்க மாட்டேன். அது வேறு. நான் மூத்தவள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்செலும்பு வந்தது. நான் என் கத்தியை எடுத்தேன். அவள் ஓடி வந்தாள்.

"யக்கா, வேண்டாம்க்கா. அது எலும்புக்கு ஆகாது. இந்தா, என்னோடதைக் கீழ வைக்கேன், இதுல போடுங்க."

"ஏன், ஜப்பான்ல ஆடு இல்லையா?"

"ஆடு இருக்கும்க்கா. இதுல வெட்ட மாட்டாக."

"நீ போய்ப் பாத்துட்டு வந்தியாக்கும்?" என்று கேட்டு ஒரே போடு. எலும்பு தெறித்தது. கத்தியில் சின்னதாக ரெண்டு பல் விழுந்திருந்தது. அதுதான் தம்பி, நீங்க வந்ததும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தீங்களே, அந்தப் பல். அது குறையில்லை. எலும்பு வழுக்காமல் பிடிப்பதற்காக, வெட்ட வெட்ட அப்படிப் பல் விழுகிற மாதிரி அந்த ஜப்பான்காரர் செய்து வைத்திருக்கிறார். ஏன் இருமுகிறீங்க? தண்ணியைக் குடிங்க. மிளகு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும் இன்றைக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆயுத பூசை.

எங்களுக்கு ஆயுதம் என்றால் அடுப்படிதான். அரிவாள்மணை, தேங்காய் துருவி, கரண்டி, கிரைண்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மெஸ்ஸுக்கு நடுவில் பலகை போட்டு வரிசையாக வைப்போம். சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை, சுண்டல், வாழைப்பழம். சாயங்காலம் சூடம் காட்டிவிட்டால் மறுநாள் காலையில் மறுபூசை வரைக்கும் எதையும் தொடக் கூடாது. சாமி அதில் இறங்கியிருக்கும். அன்றைக்கு வீட்டுச் சாப்பாட்டுக்குச் சீனித்தாய் எலுமிச்சம்பழச் சாதம் கிண்டினாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, எலுமிச்சம்பழம்.

அவள் தன் கத்தியை வைத்தாள். சந்தனத்தை விரல் நுனியில் எடுத்து ஒரே ஒரு பொட்டு. கஞ்சத்தனம். மகன் அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறான், ஒரு பொட்டுத்தானா அதுக்கு? நான் அப்படிச் செய்வேனா? கல்லில் தண்ணி விட்டு விட்டு நானே சந்தனம் உரசினேன், அரை டம்ளர் வரும். அலகு தெரியாமல் ரெண்டு பக்கமும் பூசினேன், கல்யாணப் பொண்ணுக்கு நலுங்கு வைக்கிற மாதிரி. அதுக்கு மேலே குங்குமம். பிறகு கண் படக் கூடாதே என்று ஒரு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, கத்தி முனையில் குத்தி வைத்தேன். ஈரத்தோடு அது மினுமினு என்று இருந்த அழகைப் பார்த்துவிட்டு சுப்பையாவே சொன்னார், "மதினி, ஜெர்மன்காரன் இன்னைக்குத் தோத்தான்" என்று.

மறுநாள் காலையில் மறுபூசை முடித்து, சந்தனத்தைத் துடைத்துப் பார்க்கிறேன். ஐயோ என்றிருந்தது. கத்தி முழுக்கத் தேமல் விழுந்த மாதிரி செம்பட்டையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக. முனை கரிக்கட்டை. என் பேர் எழுதியிருந்த இடத்தில் துரு இறங்கி எழுத்தே தெரியவில்லை. பக்கத்தில் ஜெர்மன் கத்தி கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரே பலகை, ஒரே பூசை, ஒரே சாமி. ஒன்று மின்னுகிறது, ஒன்று கறுத்துக் கிடக்கிறது. இதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

இருங்க, நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். முதல் நாள் எலுமிச்சம்பழம் பிழிந்த கை யாருடையது?

"ஏ சீனி, இங்க வா. என்ன பண்ணின என் கத்தியை?" என்றேன்.

"நான் தொடவே இல்லையேக்கா."

"எலுமிச்சம்பழச் சாறைத் தடவியிருக்க."

"யக்கா, நீங்கதான முனையில பழத்தை..." என்று ஆரம்பித்தாள்.

"சாமிக்கு வச்சதைக் குத்தம் சொல்லுதியா?" என்றேன். குனிந்து பொரிகடலையை அள்ள ஆரம்பித்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

கனகவேலிடம் போனில் அழுதேன். அவன் எடுத்த எடுப்பில், "ஏம்மா, ஈரத்தோட வச்சியா? சந்தனத்தை அப்படியே விட்டியா? அது நம்ம எவர்சில்வர் இல்லம்மா..." என்று என்னையே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். சித்தி அவனிடமும் பேசியிருக்கிறாள், பாருங்க. கடல் தாண்டி இருக்கிறவனுக்கு ஆயுத பூசையைப் பற்றி என்ன தெரியும்? போனை வைத்துவிட்டேன்.

நீங்களும் இப்போது என்னமோ சொல்ல வாயெடுக்கிறீங்க. கத்தி விற்கிறவருக்குக் கத்தியைப் பற்றித் தெரியும், மனுஷரைப் பற்றித் தெரியுமா? இந்தாங்க, கூட்டு வைத்துக்கொள்ளுங்க.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனிமேல் ஒரே அடுப்படி ஆகாது என்று. கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாகத்தான், கையிலிருந்த சுளகை வீசிவிட்டுச் சொன்னேன். நடுவில் சுவர். அந்தப் பக்கம் அவள் மெஸ், இந்தப் பக்கம் என் மெஸ். சுப்பையா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மதினி, அண்ணன் இருந்தா இதைக் கேட்டு என்ன சொல்லும்?"

"ஒங்க அண்ணன் எனக்கு எதிரா என்னைக்குப் பேசியிருக்காரு? இப்பவும் பேச மாட்டாரு."

"அவ செஞ்சிருக்க மாட்டா மதினி."

"செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் சுவரை விட்டுடுதேன். பொய்க்காரியோட ஒரு அடுப்புல நிக்க மாட்டேன். ஒத்துக்கிட்டவளோட நிப்பேன்."

இதில் என்ன கஷ்டம், சொல்லுங்க. ஒரு வார்த்தை. அவள் சொல்லவில்லை. ஒரு வாரம் நாங்க பேசவில்லை. தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அவளுக்கு அந்தப் பக்கம் புருஷன் இருக்கிறார், பேச்சுத் துணை இருக்கிறது. எனக்கென்ன, நான் தனியாக இருந்து பழகினவள்தான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அது உடம்புச் சூடு. கண்ணிலேகூடத் தண்ணி வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு சூடு. இளநீர் வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். செல்லையா, நம்ம ஊர்க்காரர். பத்து மணிக்குப் பெரிய ஹாலோ பிளாக் கல்லை வைக்க ஆரம்பித்தார். நான் இந்தப் பக்கம் என் அடுப்பில் என் சோற்றை வைத்திருந்தேன். எட்டுப் படி அரிசி, பெரிய பானை. எப்போதும் வைக்கிற அளவு. பாதி ஆள்தான் இனி வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை, கை பழக்கம் போட்டுவிட்டது.

சோறு வடிப்பதை நீங்க பார்த்திருக்கிறீங்களா தம்பி? வீட்டுச் சோறு இல்லை, மெஸ் சோறு. அதை ஒருத்தி வடிக்க முடியாது. மூடியைப் போட்டு, பானைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, கரித்துணி போட்டுப் பிடித்து, ரெண்டு பேரும் ஒரே மூச்சில் சாய்க்க வேண்டும். ஒருத்தி முந்தினால் இன்னொருத்தி காலில் கஞ்சி. இருபத்தாறு வருஷம், ஒரு நாள் நாங்க ஒன்று ரெண்டு மூன்று என்று எண்ணினது கிடையாது. அவள் மூச்சை இழுப்பாள், நான் சாய்ப்பேன்.

அன்றைக்கு அது என் புத்தியில் உறைக்கவில்லை. சோறு வெந்துவிட்டது. குழையப் போகிறது. ரெண்டு நிமிஷம் விட்டால் களி. கொத்தனார் ரெண்டாவது வரிசை கல் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் யாரைக் கூப்பிடுவேன்? கரித்துணியை எடுத்துக்கொண்டு நானே பானையைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தேன். மூடி நழுவியது. கஞ்சி பொங்கி வருகிறது. பானை என் பக்கமாகவே சாய்கிறது.

யார் வந்தது என்று பார்க்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் ரெண்டு மெல்லிசுக் கை பானையைப் பிடித்தது. மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் சாய்த்தேன். கஞ்சி நேராகத் தொட்டியில் போய் விழுந்தது. சுவரைத் தாண்டிக் குதித்து வந்திருக்கிறாள், ஈரச் சாந்து சேலையெல்லாம். கரித்துணி இல்லை, முந்தானையைப் பிடித்திருக்கிறாள். நடுவில் ஆவி. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. சூட்டில் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துகொண்டிருந்தது என்று சொன்னேனே.

பானையை வைக்க முடியாது, கஞ்சி வடிகிற வரைக்கும் அப்படியேதான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது சொன்னாள்.

"நான்தான்க்கா."

"என்னது?"

"நான்தான் ஒங்க கத்தியில எலுமிச்சம்பழத்தைத் தேச்சேன்."

சுப்பையா கல்லாவிலிருந்து, "ஏ சீனி..." என்று எழுந்தார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் அவரைப் பார்த்து. அவரிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் விடவில்லை. நியாயம் என்றால் தீர விசாரிக்க வேண்டும் இல்லையா?

"எப்பத் தேச்ச?"

"நீங்க எப்பன்னு சொன்னீங்களோ அப்பதான்க்கா."

"எத்தனை பழம்?"

"நீங்க எத்தனைன்னு நெனைக்கீங்க?"

"ஒண்ணு இருக்கும்."

"ஒண்ணுதான்க்கா."

பார்த்தீங்களா? நான் நினைத்தது அத்தனையும் அப்படியே சரி! ஒரு எழுத்துப் பிசகவில்லை. சோற்றுப் பானையைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தப் பொம்பளையும் பொய் சொல்ல மாட்டாள் தம்பி. சோறு சாட்சி. சொன்னால் அடுத்த உலை கொதிக்காது. அது அவளுக்கும் தெரியும்.

"சரி, போ. மன்னிச்சுட்டேன்" என்றேன். நான் மூத்தவள், அவ்வளவு பெரிய மனசு இல்லாமல் எப்படி? "கையைக் காட்டு" என்றேன். உள்ளங்கை ரெண்டும் சிவந்திருந்தது. "கூறுகெட்டவளே, கரித்துணியை எடுத்துட்டு வர வேண்டாமா?" என்று திட்டிக்கொண்டே மாவை எடுத்து நானே அப்பிவிட்டேன். செல்லையா கரண்டியும் கையுமாக நின்றார். "ஆத்தா, மூணாவது வரிசை வைக்கட்டுமா?" என்றார். "எங்க வைப்பீரு, ஒம்ம தலையிலயா? சோத்துக்கு உக்காரும்" என்றேன்.

அந்த ரெண்டு வரிசை அப்படியே நிற்கிறது. இடிக்கவில்லை. உட்கார்ந்து காய் நறுக்க வசதியாக இருக்கிறது, முழங்கால் வலிக்காமல்.

அவளும் உணர்ந்துவிட்டாள். அதையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய், கன்னம் சிவக்கச் சிவக்கப் போட்டுக்கொண்டு, மூன்று வாரம் ஒருபொழுது இருந்தாள். "எதுக்குத்தா இவ்வளவு?" என்றேன். "சோத்து மேல ஒரு தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றாள். கத்தி மேல் என்று சொல்ல வேண்டியதைச் சோற்று மேல் என்கிறாள், பாவம், அவ்வளவு கலங்கிப் போயிருந்தாள். பேச்சு வரிசையாக வரவில்லை.

சரி, எது உசத்தி என்று கேட்டீங்க இல்லையா? அதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிசுக் கைக்கு ஜப்பான். கனத்த கைக்கு ஜெர்மன். இப்போது என் கத்தியில் அவள் அரிகிறாள், அவள் கத்தியில் நான் வெட்டுகிறேன். கேட்டு மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு நாள் கிழங்கு வெட்டும்போது அவளுடையதை எடுத்தேன், அவள் பேசாமல் என்னுடையதை எடுத்துத் துருவையெல்லாம் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் போக்கினாள். அப்படியே நின்றுவிட்டது. பயல்களுக்குத் தெரியாது. வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் சட்டென்று ஆளுக்கு ஆள் மாற்றிப் பிடித்துக்கொள்வோம். "அம்மா, கத்தி எப்படியிருக்கு?" என்பான் கனகவேல். "ஓம் புண்ணியத்துல ராசா மாதிரி இருக்கு" என்பேன், கத்தியைக் கத்தரிக்காய் மேல் வைத்துக்கொண்டு, அறுக்காமல்.

இந்த வருஷம் ஆயுத பூசை போன வாரம்தான் முடிந்தது. நான் சந்தனக் கல்லை எடுத்தேன். சீனித்தாய் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டாள். "யக்கா, இந்த வருசம் ஒங்க கத்திக்கு நான் வைக்கேன். எனக்கு அந்தக் குடுப்பினையைக் குடுங்க" என்றாள். செய்த தப்புக்குப் பிராயச்சித்தம் கேட்கிறாள், மறுக்கலாமா? வைத்தாள். அலகைத் தொடவே பயம் அவளுக்கு, பழைய குற்ற உணர்ச்சி. மரப்பிடியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். அலகில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவினாள். எலுமிச்சம்பழத்தை நான் எடுத்தேன். "அதை வாசல்ல வைப்போம்க்கா, மொத்த மெஸ்ஸுக்கும் கண்ணு படாது" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பார்க்கிறேன், ஒரு புள்ளி கறை இல்லை. புதுசு மாதிரி இருக்கிறது.

பார்த்தீங்களா தம்பி? அதே பலகை, அதே சாமி. அன்றைக்கு ஏன் கறுத்தது, இன்றைக்கு ஏன் கறுக்கவில்லை? மனுஷி மனசு திருந்திவிட்டாள். வேறென்ன இருக்கிறது இதில்?

என்ன, மறுபடியும் வாயெடுக்கிறீங்க? வேண்டாம். நீங்க ஒன்றும் சொல்ல வேண்டாம். இன்னொரு கை சோறு வைக்கிறேன், சாப்பிடுங்க. ஏ சீனி, இங்கே தம்பிக்குக் கொஞ்சம் மோர் கொண்டா. பாவம், அவருக்கு என்னமோ தொண்டையிலேயே நிற்கிறது.